குலத்தொழிலா, கலையா?
வளையமாதேவியை முன்வைத்துப் பள்ளி ஓவிய வகுப்பைப் பற்றி ஓர் ஆய்வு

1. கேள்வி

பள்ளிப் பிள்ளையிடம் ‘இயற்கைக் காட்சி’ வரையச் சொன்னால் என்ன படம் வரும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மலைகள், நடுவில் பாதி எழுந்த சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை. கடலூர் மாவட்டம் புவனகிரி வட்டத்து வளையமாதேவியில் மலை கிடையாது. சேத்தியாத்தோப்பை அடுத்த நெல்வயல் சமவெளி அது. அந்த வட்டாரத்தில் மலைபோல் உயர்ந்து நிற்பவை, பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக அதன் மேலிருந்த மண்ணை வெட்டி நெய்வேலிச் சுரங்கம் கொட்டிவைத்த மேடுகளே. பிள்ளை வரையும் மலைகள் அவையும் அல்ல. கடையில் விற்கும் பட அட்டையிலிருந்தோ, அதைப் பார்த்து வளர்ந்த ஆசிரியரின் கரும்பலகைப் படத்திலிருந்தோ வந்தவை.

இந்த வறட்சிக்கு மருந்தாக ஒரு யோசனை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது: உள்ளூர்க் கலைஞர்களையும் அவர்களுடைய படைப்புகளையும் ஓவிய வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். கேட்டதும் தலையாட்டத் தோன்றும் யோசனை. ஆனால் ‘உள்ளூர்’ என்பது எது, ‘கலைஞர்’ என்பவர் யார், அவர் வகுப்பில் எந்த நிலையில் நிற்பார் என்ற மூன்றையும் கேட்காமல் தலையாட்டுவது தமிழ்நாட்டில் ஆபத்தானது. ஏன் ஆபத்து என்பதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. வளையமாதேவியில் இந்தக் கேள்வி மேலும் இறுகுகிறது. அங்கே ஊரின் மண்ணே இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது.

2. பள்ளியில் இப்போது இருப்பது

அரசுப் பள்ளிகளில் ஓவியம் ‘சிறப்பாசிரியர்’ பாடம். உடற்கல்வி, தையல், இசை ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது. முழுநேர ஓவிய ஆசிரியர் பணியிடங்கள் போதாத நிலையில் 2012இல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரம் மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். ஊதியம் பிறகு சில முறை உயர்ந்தாலும் பணி நிரந்தரக் கோரிக்கை இன்னும் போராட்டப் பந்தல்களில்தான் இருக்கிறது.

இந்த நியமனத்தின் அடியில் ஒரு கணக்கு உள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை நூற்றைத் தாண்டினால்தான் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. நூற்றுக்குக் கீழே போனால் அந்தக் கடமை இல்லை. சுரங்கத்துக்கு நிலம் போய் மக்கள் வெளியேறும் ஊர்களில் பள்ளிச் சேர்க்கை என்னவாகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. எந்த ஊர்களுக்குத் தம் மாற்றத்தை வரைந்துவைக்கும் அவசியம் அதிகமோ, அந்த ஊர்களே ஓவிய ஆசிரியரை முதலில் இழக்கக்கூடியவை.

உள்ளூர்க் கலைகள் பள்ளிக்குள் அறவே இல்லை என்று சொல்லவும் முடியாது. அவை தமிழ்ப் பாடநூலில் இருக்கின்றன. ஏழாம் வகுப்பில் ‘பேசும் ஓவியங்கள்’, எட்டில் ‘நாட்டுப்புறக் கைவினைக் கலைகள்’, ஒன்பதில் ‘சிற்பக்கலை’, பத்தில் ‘நிகழ்கலை’ என உரைநடைப் பாடங்கள் உண்டு. நன்றாகவே எழுதப்பட்டவை. ஆனால் அவற்றை நடத்துபவர் தமிழாசிரியர். பிள்ளை அவற்றிலிருந்து பெறுவது குறுவினா, நெடுவினா. மண்பாண்டம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை மண்ணைத் தொடாமலே மதிப்பெண்ணாக மாற்றிவிட முடிகிறது. அதே வாரம் டிராயிங் பீரியடில் அதே பிள்ளை கரும்பலகை மாம்பழத்துக்கு நிழல் தீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை.

2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா இந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பறையும் தெருக்கூத்தும் களிமண் வேலைப்பாடும் பள்ளி மேடைக்கு வந்தன. ஆயினும் அது போட்டி. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என வடிகட்டி, இறுதியில் கலையரசன், கலையரசி பட்டம் தருவது. ஏற்கெனவே கைவந்தவர்கள் வெளிச்சத்துக்கு வருகிறார்கள். கைவராதவர்கள் பார்வையாளராகவே நின்றுவிடுகிறார்கள். வகுப்பின் வேலை அந்த இரண்டாம் வகைப் பிள்ளையிடம் தொடங்குவது.

3. மூன்று பார்வைகள்

கலைக்கல்வி குறித்த பேச்சில் உள்ளூர்க் கலைஞரை அழைப்பதற்கு மூன்று நியாயங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, மரபைக் காப்பது. கலைகள் அழிகின்றன, பிள்ளைகள் கற்றால் பிழைக்கும் என்பது இதன் தர்க்கம். தேசியக் கல்விக் கொள்கை 2020 உள்ளூர்க் கலைகளையும் கைத்தொழில்களையும் கற்பிக்க அந்தந்த ஊர் வல்லுநர்களைப் பயிற்றுநராக அமர்த்தலாம் என்று கூறுவது பெரும்பாலும் இந்தக் குரலில்தான். இதில் பிள்ளை, கலையைச் சுமந்து அடுத்த கரை சேர்க்கும் படகாகிவிடுகிறது. பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வி பின்னால் போய்விடுகிறது.

இரண்டாவது இதற்கு நேர் எதிரானது: குழந்தைக்கு மாதிரியே காட்டக்கூடாது, அது தானாக வரையட்டும். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் தொடங்கிவைத்த குழந்தைக் கலை இயக்கத்திலிருந்து வந்த எண்ணம் இது. இந்தியாவில் இதற்கு ஆழமான வடிவம் தந்தவர் தேவி பிரசாத். சாந்திநிகேதனில் பயின்று, 1944 முதல் சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் கலை ஆசிரியராக இருந்தவர்; தானே மட்பாண்டக் கலைஞர். கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஒரு பள்ளிக்குள் நின்றுகொண்டு, கலையைத் தொழிற்பயிற்சியாகக் குறுக்கிவிடாமல் கல்வியின் அடித்தளமாகவே பார்த்தார் என்பதுதான் அவருடைய சிறப்பு. ஆனால் ‘மாதிரி வேண்டாம்’ என்ற விதி நம் வகுப்பில் வேறு விளைவைத் தருகிறது. மாதிரி இல்லாத வெற்றிடம் ஒருநாளும் வெற்றிடமாக இருப்பதில்லை. மலை, சூரியன், குடிசை வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

மூன்றாவது நியாயம் வாழ்வாதாரம். வகுப்பெடுத்தால் கலைஞருக்கு நாலு காசு கிடைக்கும். இதைக் கொச்சையாக எண்ணுவோர் உண்டு. எனக்கு மூன்றிலும் நேர்மையானது இதுவாகவே படுகிறது. பிளெக்ஸ் பதாகை வந்தபின் கைவேலை போன சுவரெழுத்துக் கலைஞர்களின் தலைமுறை ஒன்று சிறு நகரங்களில் இருக்கிறது. எழுத்தின் உயரத்தைச் சுவரின் நீளத்துக்கேற்பக் கணக்கிடுவதில் அவர்களுக்கு இருந்த தேர்ச்சியை எந்தப் பள்ளியும் கேட்டு வாங்கவில்லை.

இந்த மூன்று பார்வைகளும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போகின்றன. தமிழ்நாட்டில் கைவினைக்குச் சாதி உண்டு. கைவினைஞரை வகுப்புக்குள் அழைக்கும்போது அதுவும் கூடவே வருகிறது.

4. 1953இன் நிழல்

1953இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளி நேரம் மூன்று மணியாகச் சுருங்கும். மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலையோ ஊர்க் கைவினைஞரின் தொழிலையோ உடனிருந்து கற்க வேண்டும். கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்க இதுவே வழி என்று அரசு வாதிட்டது. எதிர்த்தவர்கள் அதற்கு இட்ட பெயர் ‘குலக்கல்வித் திட்டம்’. அந்தப் பெயரே நிலைத்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் போராடினார்கள்; காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் இராஜாஜி விலக, அடுத்து வந்த காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

காகிதத்தில் மட்டும் பார்த்தால், அந்தத் திட்டத்தின் ஒரு கூறு இன்று கலைக்கல்வியாளர்கள் கேட்பதற்கு மிக அருகில் வருகிறது: பிள்ளை ஊர்க் கைவினைஞரிடம் போய்க் கற்பது. வேறுபாடு எங்கே? குயவர் வீட்டுப் பிள்ளை சக்கரத்துக்கும் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை கணக்கேட்டுக்கும் போகும் என்பதே அன்று எல்லோருக்கும் புரிந்த பொருள். மண்ணைத் தொடுவதும் தொடாமலிருப்பதும் பிறப்பால் முடிவாகிவிடும். ஆகவே தமிழ்நாட்டில் ‘உள்ளூர்க் கைவினை பள்ளிக்கு வரட்டும்’ என்று எவர் சொன்னாலும் எழும் சந்தேகத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அது பட்டறிவிலிருந்து வந்தது. தேசியக் கல்விக் கொள்கையின் ஆறாம் வகுப்புத் தொழிற்கல்வி குறித்து 2020இல் இங்கே எழுந்த எதிர்ப்பும் இதே நினைவில் வேர்கொண்டது.

அண்மைச் சான்று ஒன்று. கைவினைஞர்களுக்குக் கடன் தரும் ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டத்தில் சேர, விண்ணப்பிப்பவரின் குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கச் சொன்னது தமிழ்நாடு அரசு. குறைந்தபட்ச வயதை 35ஆக உயர்த்தவும் கேட்டது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போக வேண்டியவர் தொழிற்கடன் வாங்கி உட்கார்ந்துவிடக்கூடாது என்பது காரணம். ஒன்றிய அரசு ஏற்காததால், பிறப்பு நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை மாநில அரசே 2025இல் தொடங்கியது. இதில் கட்சி அரசியல் எவ்வளவு என்பது வேறு விவாதம். கைவினையைக் குலத்திலிருந்து பிரித்தெடுக்க ஓர் அரசாணை முயல்கிறது என்பதே இங்கு முக்கியம். பள்ளி ஓவிய வகுப்பும் அதே பிரிப்பைச் செய்தாக வேண்டும்.

செய்ய முடியும் என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் என்ற ஊரில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே த ப்ரூயினும் 2002இல் நிறுவிய கட்டைக்கூத்துக் குருகுலம், வழக்கமான பள்ளிப் பாடத்தையும் கூத்துப் பயிற்சியையும் ஒரே கூரையின் கீழ் தந்தது. ஆண்கள் மட்டுமே ஆடிய கலையில் பெண் பிள்ளைகளைச் சேர்த்தது. உறைவிடப் பள்ளியாக அது 2020இல் நின்றுவிட்டாலும் அதன் செய்தி தெளிவு. பரம்பரை வாயிலைத் திறந்துவிட்டால் கலை கெடுவதில்லை. பார்க்கும் முறையும் ஆடும் உடலும் புதிதாகின்றன. ஆனால் அது கலைஞர் கட்டிய பள்ளி. அரசுப் பள்ளி கலைஞரை அழைப்பது இன்னும் சிக்கலான வேலை, ஏனெனில் அங்கே கலைஞர் விருந்தாளி.

5. வளையமாதேவியைச் சுற்றி என்ன இருக்கிறது

வளையமாதேவி அமைந்த நடுநாடு எழுத்தாளர்களால் அறியப்பட்ட நிலம். இமையமும் கண்மணி குணசேகரனும் தங்கர் பச்சானும் இந்நிலத்து மக்களின் பேச்சையும் முந்திரிக்காட்டையும் தமிழுலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொற்களைத் திரட்டி அகராதியே செய்தார். காட்சிக் கலையில் அப்படியொரு திரட்டு நடக்கவில்லை. திரட்டப் பொருள் இல்லாமல் போனதா என்றால், இல்லை.

முதலில் மண். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் அடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. சுரங்க நிறுவனம் அதைக் கழுவிப் பிரிக்க ஆலையே வைத்திருந்தது. அந்த மண் பீங்கான் தொழிலுக்குப் போயிற்று. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அமைந்ததன் பின்னணி இதுவே. அகல்விளக்கும் பொம்மையும் அங்கிருந்து இன்றும் ஊர் ஊராகப் போகின்றன. கடலூர் வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டியிலும் கொலு பொம்மை செய்வோர் இருக்கிறார்கள். ஆக, நிலக்கரிக்காக வெட்டிய அதே குழி இந்த மாவட்டத்துக்கு ஒரு கலைப்பொருளையும் தந்திருக்கிறது. சுரங்கத்தை இழப்பின் கதையாக மட்டும் சொல்லும் கட்டுரைகளில் இது இடம்பெறுவதில்லை; நிறுவனத்தின் விளம்பர ஏடுகளிலும் இடம்பெறுவதில்லை.

காலடி மண்ணே கலையானதற்கு வெளியே ஒரு சான்று: சாந்திநிகேதனில் சிற்பி ராம்கிங்கர் பெய்ஜ் 1938இல் செய்த ‘சந்தால் குடும்பம்’ அந்த ஊரின் செம்புறாங்கல் சரளையையும் சிமெண்டையும் கலந்து உருவானது. பளிங்குக்கும் வெண்கலத்துக்கும் காத்திருக்காமல் காலடியில் கிடந்ததை எடுத்தார். உள்ளூர்க் கலை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அதில் ‘நாட்டுப்புறப் பாணி’ எதுவும் இல்லை.

இரண்டாவது, படுகளம். வடதமிழகத்திலும் நடுநாட்டிலும் திரௌபதி அம்மன் கோயில் விழாவில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடி, இறுதியில் திறந்த வெளியில் துரியோதனன் உருவத்தை மண்ணால் தரையில் கிடத்திச் செய்கிறார்கள். ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளம். தொடைக்குள் செந்நீர்க் கலயம் புதைந்திருக்கும். வீமன் வேடக்காரர் அடித்து உடைப்பார். விழா முடிந்தால் உருவமும் முடிந்தது. ஆய்வாளர் அல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாடு பற்றி எழுதிய பெருநூல்களில் இதை விரிவாக ஆராய்ந்தார். ரிச்சர்டு ஃபிராஸ்கா கூத்தின் பக்கமிருந்து பார்த்தார். இருவருக்கும் அது சமயச் சடங்கு, அரங்கம். அதைச் சிற்பமாகப் பார்ப்பது இன்னும் எஞ்சியிருக்கும் வேலை.

சிற்பமாகப் பார்த்தால் கேள்விகள் குவிகின்றன. நின்றபடி முழுதாகப் பார்க்க முடியாத ஓர் உருவத்தின் அளவை எப்படிக் குறிக்கிறார்கள், கயிறாலா காலடியாலா? தலைக்கும் உடலுக்கும் என்ன விகிதம்? எந்தத் திசையில் நிற்பவருக்காக முகம் அமைக்கப்படுகிறது? ஈரமண் சரியாமல் எவ்வளவு உயரம் தாங்கும்? இவை ஓவிய வகுப்பின் கேள்விகள். ஓவியத்துக்கான அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் பொருளைப் பார்த்து வரையும் பயிற்சி கேட்பதும் இதே விகிதத்தைத்தான். அங்கே அது வாளியும் செங்கல்லுமாகச் சுருங்கிக் கிடக்கிறது. படுகளம் செய்பவரை விழாவுக்கு முந்தைய வாரத்தில் பள்ளிக்கு அழைத்து, மைதானத்து மணலில் ஒரு கையை மட்டும் பெருக்கிச் செய்யச் சொன்னால் போதும்.

சடங்கை வகுப்பறைக்குள் இழுக்கலாமா என்ற தயக்கம் நியாயமானது. வெவ்வேறு சமயத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் துரியோதனனைச் செய்ய வேண்டியதில்லை. கற்க வேண்டியது பெருக்கும் முறை. மண்ணில் செய்யும் உருவம் மாடாகவும் இருக்கலாம், மண்வெட்டும் எந்திரமாகவும் இருக்கலாம்.

கோலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது அதிகம் பேசப்பட்டுவிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தோரும் 1970களில் கோலத்தைக் கணினி இலக்கண ஆய்வுக்குள் கொண்டுபோனார்கள். உலக ஆய்விதழ்கள் ஏற்றன. வாசலில் புள்ளி வைக்கும் தாயை எந்தப் பள்ளியும் வருகைப் பயிற்றுநராக அழைத்ததாகப் பாடத்திட்டங்களில் தடயமில்லை.

6. இடம்பெயரும் ‘உள்ளூர்’

2023 ஜூலைக் கடைசி வாரத்தில், இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவி வயல்களில் பயிர் நின்றபோதே மண்வெட்டி எந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். தந்த இழப்பீடும் வாக்களித்த வேலையும் போதவில்லை, நட்ட பயிரை அறுக்கவாவது விட்டிருக்கலாம் என்றார்கள் உழவர்கள். நெய்வேலியில் போராட்டம் வன்முறையாக மாறியது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போயிற்று. பச்சை வயலுக்குள் எந்திரம் நிற்கும் படங்கள் நாடெங்கும் செய்தித்தாள்களில் வந்தன.

அந்தக் காட்சியை உலகம் செய்திப் படமாகப் பார்த்தது. ஊர்ப் பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். ‘உள்ளூர்க் கலை’ என்றால் பானை, கூத்து, கோலம் எனப் பட்டியலிட்டு நிறுத்துபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். மரபுப் பட்டியல் ஊரை என்றும் மாறாத ஒன்றாக வைத்துக்கொள்கிறது, வளையமாதேவி மாறிக்கொண்டிருக்கிறது. ஏரி வண்டலை நம்பிய குயவருக்கு ஏரி வேண்டும். நீர்நிலைகளில் மண் எடுக்கக் குயவர்களுக்கும் உழவர்களுக்கும் 2024இல் அரசு நடைமுறையை எளிதாக்கியது நல்ல செய்திதான், நீர்நிலை அங்கே இருக்கும்வரை. கூத்துக்குக் கோயில் வேண்டும், கோயிலுக்கு விழா எடுக்கும் குடிகள் வேண்டும். குடிகள் வேறு வேறு மனைப்பிரிவுகளுக்குப் பிரிந்துபோனால் ஆட்டத்தைக் கற்றுத்தந்த பாடம் மட்டும் எஞ்சி என்ன பயன் என்று கேட்பவருக்கு என்னிடம் முழு விடை இல்லை. பாதி விடை உண்டு: பாணியைக் கற்ற பிள்ளை அதை மறந்துவிடும், அளக்கவும் மண்ணின் இயல்பை அறியவும் உற்றுப் பார்க்கவும் கற்ற பிள்ளை, போகும் ஊரிலும் அதைச் செய்யும்.

ஆகவே உள்ளூர்க் கலைஞரிடமிருந்து வகுப்பு கேட்டு வாங்க வேண்டியது அவருடைய படத்தையல்ல, அவர் வேலை செய்யும் முறையை. வார்லி ஓவியம் பள்ளிகளுக்குள் வந்த கதை எச்சரிக்கை தருகிறது. மகாராட்டிரப் பழங்குடிகளின் சுவரோவியம் இன்று தமிழ்நாட்டுப் பள்ளி மதில்களிலும் முக்கோண மனிதர்களாக நடனமாடுகிறது. வரைபவருக்கும் பார்ப்பவருக்கும் அந்த மக்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நடுநாட்டுக் கூத்துக் கிரீடத்துக்கும் நாளை அதே கதி வரலாம்.

7. நடைமுறையில் தடைகள்

அழைக்கும் அதிகாரம் யாருக்கு? பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போடலாம். அந்தக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மை, தலைமையும் அவர்களுடையது. எனவே ஊரின் சாதிப் படிநிலை அங்கேயும் உட்கார்ந்திருக்கும். யாரைக் ‘கலைஞர்’ என்று அழைப்பது, யாரைப் ‘பறையடிப்பவர்’ என்றே விட்டுவிடுவது என்பது அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். தலைமையாசிரியர் இதில் ஒதுங்கி நிற்க முடியாது.

வகுப்புக்குள் மூன்று நிபந்தனைகளை நான் விலக்கவே மாட்டேன். வருபவர் தம் பெயரால் அறிமுகமாக வேண்டும், குலப்பெயரால் அல்ல. எல்லாப் பிள்ளைகளும் செய்ய வேண்டும். ‘உனக்குத்தான் வீட்டிலேயே வருமே’ என்று குயவர் வீட்டுப் பிள்ளையை முன்னே தள்ளக்கூடாது. ஓவிய ஆசிரியர் உடனிருந்து தாமும் கற்க வேண்டும், அந்த அரை நாளை ஓய்வாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா மழலையர் பள்ளிகள் கலைஞர் ஒருவரை ஆசிரியரோடு நிரந்தரமாகவே வைத்துக்கொண்டன. அங்கே அது இயன்றதற்குக் காரணம் நகராட்சி அதற்குச் செலவழித்தது.

அரசியல் தடை இன்னொன்று. கால்வாயை வரைந்த பிள்ளையின் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று ஆசிரியர் அஞ்சுவார். பெற்றோரில் சிலர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளராக இருக்கலாம், சிலர் நிலம் இழந்தவராக இருக்கலாம். ஒரே வீட்டில் இருவரும் இருக்கலாம். படத்துக்குத் தலைப்பு வைக்காமல் விட்டால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி குறையும். பிள்ளைகள் எந்திரத்தின் சக்கரத்தை வியப்போடும் வரைவார்கள், அதைத் திருத்த வேண்டியதில்லை.

மீதமிருப்பது பணம். பகுதிநேர ஆசிரியருக்கே ஊதியம் போதாத துறையில் வருகைக் கலைஞருக்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது? கலைத் திருவிழாவுக்கான நிதி போட்டி நடத்தவே செலவாகிறது. சுரங்க நிறுவனம் டவுன்ஷிப்புக்குள் தன் பள்ளிகளை நடத்துகிறது, சமூகப் பொறுப்பு நிதியில் சுற்றுக் கிராமப் பள்ளிகளுக்கு உதவியும் செய்கிறது, அதிலிருந்து கேட்கலாம். நிலத்தை எடுத்தவரிடமே ஊரின் கலையைக் கற்பிக்கப் பணம் கேட்பதா என்ற முகச்சுளிப்பு எழும். சுரங்கம் உள்ள மாவட்டங்களில் கனிம வளத்தின் பேரில் வசூலாகும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி அதைவிட மேலான வழி. பாதிக்கப்பட்ட பகுதிகளின் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று அதன் விதியே சொல்கிறது. அது உதவியாக வருவதில்லை, உரிமையாக வருவது. விண்ணப்பத்தில் ‘கட்டடம்’, ‘கணினி’ என்று எழுதியே பழகிய பள்ளிகள் அந்தக் கட்டத்தில் ‘களிமண், மணல், பயிற்றுநர் மதிப்பூதியம்’ என்று எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.